சுண்ணாம்பு மலைக்கு ஒரு நடை: காஞ்சனபுரியில் நான்கு நாள்

2025 ஜனவரி 16, வியாழன் – நகரமும் பாலமும்

காஞ்சனபுரி, மேற்குத் தாய்லாந்து. மத்தியானம் 33 டிகிரி. வெயிலைவிடக் கரிதான் தொந்தரவு. ஜனவரி இங்கே கரும்பு வெட்டும் காலம். வெட்டுவதற்கு முன் வயலிலேயே தோகையைக் கொளுத்துகிறார்கள். எரிந்த தோகை விரல் நீளக் கறுப்புச் சுருளாகக் காற்றில் மிதந்து வந்து சட்டையில் உட்காருகிறது. தட்டினால் பொடிந்து கறையாகிவிடும், ஊதித்தான் விட வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் நவம்பர் கடைசியில் வருவது நல்லது. மழை நின்றிருக்கும், ஆறு நிறைந்திருக்கும், வயல்களில் தீ வைக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையின் பாலம்தான் ஊரின் அடையாளம். அதை முதல் நாள் சாயங்காலமே பார்த்து முடித்துவிட்டால் மற்ற நாட்கள் நிம்மதி. ஐந்து மணிக்குமேல் போனால் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த இரும்புத் தகடு சூடாறியிருக்கும், சுற்றுலாப் பேருந்துகளும் கிளம்பியிருக்கும். வளைவான இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவே நேர்க்கோணமாக நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் ஜப்பான் கொடுத்தவை. பாலம் கட்டிய காலத்தில் இந்த ஆற்றின் பெயர் மே குலோங். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ சினிமா பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் க்வாய் ஆறு எங்கே என்று கேட்க, 1960களில் ஆற்றின் பெயரையே க்வே யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்களின் சாமர்த்தியம்.

பாலத்திலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு நினைவுத்தூண். கூட்டம் இராது. ரயில் பாதை போட்ட ஜப்பானியப் படையே 1944 தொடக்கத்தில், வேலையில் செத்தவர்களுக்காக எழுப்பியது. சுற்றுச்சுவரின் மூலைகளில் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள். அவற்றில் ஒன்று தமிழ். உச்சிவெயிலில் வெளிறிப் போய்ப் படிக்க முடியாது. சாய்வெயில் விழும் நேரத்தில் பொறித்த எழுத்தின் ஓரத்தில் நிழல் கட்டும், அப்போது எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

தமிழ் எப்படி இங்கே வந்தது என்பதற்குச் சுருக்கமான பதில்: மலாயா ரப்பர் தோட்டங்கள். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கி.மீ. பாதை. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சந்தித்தன. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம், செத்தவர்கள் 90,000 வரை. இதில் முதல் கணக்குக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. இரண்டாவது வெறும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள். மலேசியத் தோட்டங்களில் பெரியவர்கள் இன்றும் இதைச் ‘சயாமுக்குப் போனது’ என்பார்கள் (சயாம் தாய்லாந்தின் பழைய பெயர்). போனது என்று சொல்வதோடு சரி.

வாட் சாய்ச்சும்போன் கோயில் ஆற்றங்கரையில் மூங்கில் கொட்டகை மாதிரி ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கோயிலின் தலைமைத் துறவி 1977ல் தொடங்கியது. பெயர் ‘ஜீத்’. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர். இந்தியாவுக்கோ, மலாயாவுக்கோ, பர்மாவுக்கோ அதில் எழுத்தில்லை.

ராத்திரிச் சாப்பாடு ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில். தட்டு 50, 60 பாட் (ஒரு பாட் அப்போது சுமார் இரண்டரை ரூபாய்). சைவக்காரர்கள் ‘மங்சவிரத்’ என்று கேட்டால் முட்டையும் மீன் சாறும் சேர்ந்து வந்துவிடலாம். ‘ஜே’ என்று சொல்ல வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பாக அதே எழுத்து போட்டிருக்கும் கடைகளில் பயமில்லை, ஆனால் பூண்டு, வெங்காயமும் இராது.

ஜனவரி 17, வெள்ளி – காவ் பூன்

வழிகாட்டியோடு நடை இன்றுதான். ஆறு பேர் குழுவுக்கு மொத்தம் 1,800 பாட், பாதி நாள். வழிகாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் அவரைப் ‘பீ’ என்றே கூப்பிட்டார்கள். நம் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சேர்த்துத் தாய்லாந்தில் ஒரே சொல். சந்தித்ததும் கைகூப்பினால் அவர் முகம் மலர்கிறது. கைகுலுக்க நீட்டினாலும் குலுக்குவார், ஆனால் சங்கடத்தோடு.

காலை ஆறரைக்கு 19 டிகிரி, ஆற்றின்மேல் பனி. கிளம்புமுன் சாப்பிட்டது ‘ஜோக்’. நொய்யரிசியைக் குழையவிட்ட கஞ்சி, மேலே இஞ்சிச் சீவல், வெங்காயத்தாள், அரைவேக்காட்டு முட்டை. 40 பாட். வயிற்றில் கனமில்லாமல் பதினொரு மணி வரை தாங்கும்.

நகர மையத்திலிருந்து க்வே யாயைப் பாலத்தில் கடந்து, கரும்பும் சோளமும் விளையும் சாலையில் சுங்காய் போர்க்கல்லறை வரை சுமார் நான்கு கி.மீ. சாலையோர மரநிழல் குறைவு, எட்டு மணிக்குமுன் இந்தத் துண்டை முடித்துவிட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். இடையில் கடைகளை நம்ப முடியாது. நாய்கள் உண்டு. கல் எடுக்கிற மாதிரி குனிந்தால் போதும், அந்த பாஷை எல்லா ஊர் நாய்க்கும் தெரியும்.

சுங்காய் இருப்பது இன்னோர் ஆறான க்வே நோயின் கரையில். போர்க்கைதிகளின் முகாம் மருத்துவமனை இருந்த இடம். அங்கே செத்தவர்களை அவர்களே புதைத்த இடம்தான் இன்றைய கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 1,740 பேர், பிரிட்டிஷாரும் டச்சுக்காரர்களும். முழங்கால் உயரம்கூட இல்லாத கல், அதன்மேல் வெண்கலத் தகடு: பெயர், எண், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பத்துத் தகடுகளைப் படித்தால் போதும், 1943 ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்கள் திரும்பத் திரும்ப வரும். மழைக்காலம்.

இங்கிருந்து மேற்கே ஒரு கி.மீ. போய்த் தண்டவாளத்தைக் கடந்ததும் ஏற்றம். காவ் என்றால் மலை, பூன் என்றால் சுண்ணாம்பு. பெயருக்கேற்ற மலைதான், பாறையைச் செருப்பால் தேய்த்தாலே வெள்ளையாக மாவு விடுகிறது. மலைச்சரிவு அப்படியே ஆற்றில் இறங்குகிறது, ரயிலுக்குக் கரையில் இடமில்லை. அதனால் பாறையைச் செங்குத்தாக வெட்டிப் பாதையை நுழைத்திருக்கிறார்கள். நல்ல பாதைக்கு ஆற்றைவிட்டு விலகிப் போயிருக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். சாலை கிடையாது, அரிசியும் தண்டவாளமும் வெடிமருந்தும் படகில்தான் வர வேண்டும், ஆகவே ஆற்றை ஒட்டியே போயாக வேண்டும் என்றார் வழிகாட்டி. இந்தப் பாதையில் இத்தனை வெட்டும் இத்தனை மரப்பாலமும் ஏன் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். வெட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். இன்றும் வண்டி ஓடும் பாதை, இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை.

வாட் தாம் காவ் பூன் மலைச்சரிவில் இருக்கும் குகைக் கோயில். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். ஒரு துண்டு கையில் இருந்தால் சமாளிக்கலாம். நுழைவிடத்தில் உண்டியல், 20, 30 பாட் போடுவது வழக்கம். பெண்கள் துறவியிடம் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். இது அவமதிப்பில்லை, அவர்கள் நியமம்.

உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அறைகள். படியில் இறங்கியதும் வெளிக்காற்று நின்றுபோய், ஈரப்புழுக்கம் முகத்தில் அப்பும். கண்ணாடி போட்டவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. துடைக்கத் துடைக்க மூடும். கண்ணாடி சூடேறும்வரை நின்றுவிடுவதே வழி. பல இடங்களில் குனிந்து நுழைய வேண்டும், ஓரிடத்தில் தோளைச் சாய்த்தால்தான் போக முடியும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தலை இடிப்பது போகும்போது இல்லை, நிமிரலாம் என்று நினைக்கும்போதுதான். எங்கள் குழுவில் மூன்று பேர் ஒரே பாறையில் இடித்துக்கொண்டோம். தரையில் வௌவால் எச்சமும் கசியும் நீரும் சேர்ந்து வழுக்கும். ரப்பர் செருப்பில் வந்தவர் ஒரு முறை உட்கார்ந்தே இறங்கினார். பின்னால் வார் உள்ள செருப்புதான் சரி: பிடிமானம் உண்டு, சன்னிதியில் கழற்றுவதும் எளிது. கால் நீட்டி உட்கார்ந்தால் பாதம் புத்தரைப் பார்க்கக் கூடாது. மடக்கி ஒருக்களித்து உட்கார வேண்டும், நம் முழங்கால்களுக்கு இரண்டு நிமிடம் தாங்கும்.

அறைகளில் நின்ற புத்தர், சயன புத்தர், கூரையிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு விழுதுகள். போரின்போது ஜப்பானியர் இந்தக் குகையைக் கிடங்காக வைத்திருந்தார்கள் என்பது வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்வது. எதையும் வெயிலும் மழையும் குண்டும் படாமல் வைக்கத் தோதான இடம், நம்பக் கஷ்டமில்லை. ஆனால் சுவரில் அதற்கான தடயம் தேடினால் கிடைப்பது பக்தர்கள் ஒட்டிய தங்கத்தாளும் சாம்பிராணிப் புகையும்தான்.

வெளியே வந்து மேலே ஏறினால் ஆற்றைப் பார்த்தபடி பெரிய புத்தர். கீழே க்வே நோய் வளைந்து திரும்புவது முழுசாகத் தெரிகிறது, அதை ஒட்டிக் கோடு கிழித்த மாதிரி தண்டவாளம், தூரத்தில் இரண்டு இடங்களில் கரும்புப் புகை. வழிகாட்டி தொழிலாளர் கதையை இங்கே உட்கார்ந்துதான் சொன்னார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) என்று தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். ஆள் குறைந்ததும் இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதும் நடந்தது. சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போயின. இரும்புச் சரக்குப் பெட்டியில் நாள்கணக்காகப் பயணம் செய்து பான் போங். அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மே, ஜூனில் காலரா வந்தது. கைதிகளுக்கு அவர்கள் படையின் மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள், நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஒளித்து வைத்தாவது எழுத ஆள் இருந்தது. தோட்டத்து ஜனத்துக்கு இந்த மூன்றும் இல்லை. வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை, ஆசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிற தொனிதான்.

இறங்கும்போது மணி பதினொன்று. அடிவாரத்தில் கொய்யா, உப்பு மிளகாய்ச் சர்க்கரையோடு, பை 20 பாட். சர்க்கரையை நிறுத்தச் சொன்னால் கடைக்காரம்மா நம்பவில்லை. தனிப் பொட்டலமாகக் கட்டி உள்ளே போட்டுவிட்டார்.

ஜனவரி 18, சனி – மரப்பாலம், குகை, மலைவெட்டு

காலை ஆறு மணிச் சொச்சத்து வண்டி 50 நிமிடம் தாமதம். பிந்திய வண்டியில் போயிருந்தால், ரயிலுக்காக மலையைப் பிளந்த மலைவெட்டுக்கு நேரமே இராது. வெளிநாட்டவருக்குச் சீட்டு 100 பாட், எங்கே ஏறினாலும் அதே விலை. கடைசி நிலையமான ‘நாம் டோக்’ ஊருக்குப் போகும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும், ஆறு அந்தப் பக்கம்.

தாம் கிராசேயில் பாதை பாறைச்சுவரை ஒட்டிய மரச்சட்டங்களின் மேல் ஆற்றுக்கு மேலாகப் போகிறது. வண்டி நடைவேகத்துக்கு வந்துவிடும். சன்னலில் கை வைக்காதீர்கள், பாறை ஒரு முழம்கூடத் தள்ளியில்லை. இறங்கிப் பாலத்தின்மேல் நடக்கலாம், வண்டிச் சத்தம் கேட்டதும் பக்கவாட்டு மேடையில் ஒதுங்க வேண்டும். கட்டைகளுக்கு இடைவெளி நம் சாதாரண அடிக்குச் சரியாக வராது, ஒன்று குறுகும், ஒன்று தாண்டும். பாதையை ஒட்டிய குகையில் ஒரு புத்தர், எதிரே நேராக ஆறு. பத்து நிமிடம் போதும். ஆனால் வண்டி வந்துபோன பிறகு, படம் எடுப்பவர்கள் கலைந்த பிறகு உட்கார வேண்டும்.

‘நாம் டோக்’ ஊரில் பாதை முடிகிறது. அதற்கப்பால் இருந்ததைப் போருக்குப் பின் விட்டுவிட்டார்கள். இதுவரையுள்ள துண்டும் 1958ல்தான் திரும்பத் திறந்தது. இங்கிருந்து மலைவெட்டுக்கு 18 கி.மீ., சோங்தேவ் (பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட வாடகை வண்டி) பேசி எடுத்தால் 400, 500 பாட். மூன்று பேராவது சேர்ந்துகொள்ளுங்கள். திரும்ப 8203 பேருந்தை நெடுஞ்சாலையில் கைகாட்டி நிறுத்தலாம்.

ஆங்கிலத்தில் ‘ஹெல்ஃபயர் பாஸ்’. தாய்லாந்து மொழியில் ‘சோங் காவ் காட்’, அறுபட்ட மலையிடுக்கு. எனக்குத் தாய்லாந்துப் பெயரே பிடித்தது. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் காட்சியகம், அனுமதி இலவசம், ஒலிவழிகாட்டியும் இலவசம். நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள், எனவே இரண்டுக்குள் தடத்தில் இறங்கிவிட வேண்டும். இறக்கம் முழுக்கப் படிகள். ஏறும்போதுதான் மூச்சு தெரியும். கீழே தரை உருட்டுச் சரளை. மெல்லிய அடிச் செருப்பு போட்டவர்கள் வெட்டு வரை போய்விட்டுத் திரும்புவதே மேல். முழுத்தடம் அதற்கப்பாலும் நீள்கிறது.

வெட்டு ஏறத்தாழ 75 மீட்டர் நீளம், ஆழம் 25 மீட்டர். கையால் வெட்டியது. இரண்டிரண்டு பேர்: ஒருவர் இரும்புக் கம்பியைப் பாறையில் நட்டுப் பிடிப்பார், மற்றவர் சம்மட்டியால் அடிப்பார்; ஒவ்வோர் அடிக்கும் பிடித்தவர் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மாட்டிக்கொள்ளும். நாளுக்கு இத்தனை ஆழம் என்று கணக்கு. முதலில் ஒரு மீட்டர் போல இருந்தது பிறகு இரட்டித்தது. குழிக்குள் வெடி வைத்துத் தகர்த்து, கல்லைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். 1943 ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வேலை ஆகஸ்டில் முடிந்தது. ராத்திரியும் மூங்கில் தீப்பந்தத்தில் நடந்ததால்தான் ஆங்கிலப் பெயர். மாட்டிக்கொண்டு ஒடிந்த கம்பி ஒன்று பாறையிலேயே நிற்கிறது, கட்டைவிரல் தடிமன், துருவேறி. சுவரில் வெடிக்குழியின் அரைவட்டத் தடங்களில் விரலை ஓட்டினால், நேராக இறங்கியவை எவை, சோர்ந்த கை இறக்கிய கோணல் எவை என்று தெரிகிறது.

மேலே சாலையோரக் கடையில் காவ் லாம்: மூங்கில் குழலில் ஒட்டரிசி, தேங்காய்ப்பால், கறுப்புப் பயறு இட்டுத் தணலில் சுட்டது. ஒன்று 40 பாட். மேல் பட்டையைக் கீழ்நோக்கி உரித்தால் சோறு வெள்ளைத் தோலோடு வரும். அவசரப்பட்டால் சிராய் குத்தும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது நமக்குச் சுலபம். முகாம்களில் பலரின் காலை எடுக்க வைத்த புண்கள் பல இப்படி ஒரு மூங்கில் கீறலில்தான் தொடங்கின. சத்தில்லாத உடம்பில் கீறல் ஆறாமல் எலும்பு வரை அரித்தது. கடைக்காரர் குத்திய விரலைப் பார்த்துவிட்டு, கேட்காமலே எலுமிச்சைத் துண்டு எடுத்துத் தந்தார். எரிந்தது.

ஜனவரி 19, ஞாயிறு – கல்லறையும் பக்கத்துக் கோயிலும்

நகரத்துப் போர்க்கல்லறையை எட்டு மணிக்குப் பார்ப்பது உசிதம். தோட்டக்காரர்கள் புல் வெட்டி முடித்திருப்பார்கள், எதிர்ச்சாரி அருங்காட்சியகக் கூட்டமும் வந்திராது. ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள். வாசல் சுவரில் உலோகக் கதவு போட்ட சிறு மாடம், உள்ளே பதிவேடு. பெயரின் அகரவரிசையில் தேடினால் தொகுதி, வரிசை, குழி எண் மூன்றும் கிடைக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் அந்தத் தகட்டின் முன் நிற்கலாம். காட்டில் பாதை நெடுகப் புதைத்தவர்களைப் போருக்குப் பின் தேடி எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். தேட முடிந்ததற்குக் காரணம், முகாமுக்கு முகாம் எழுதி வைத்த அந்தப் பட்டியல்கள். தேடியவர்களின் வேலை வரம்பில் தொழிலாளர்கள் இல்லை.

பக்கத்திலேயே வாட் தாவோன், ஊரார் சொல்வது வாட் யுவான். வியட்நாமியர் கட்டிய மகாயானக் கோயில்; கூரை வளைவைப் பார்த்தாலே மற்றக் கோயில்களிலிருந்து வேறுபாடு தெரியும். வளாகத்துக்குள்ளே, பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்துக் கட்டிய நினைவிடம். 1990லும் நகரத்தை ஒட்டிய வயலொன்றில் ஒரே குழியில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2023ல் மலேசியத் தமிழர்களும் இங்குள்ள தமிழர்களும் சேர்ந்து இந்தக் கோயிலில் தமிழ் எழுத்தோடு ஒரு நடுகல் நட்டார்கள். நடுகல் என்றால் பெயர் பொறிப்பது நம் மரபு. இங்கே பொறிக்கப் பெயர் கிடையாது.

நடுகல்லின் முன் ஊதுபத்தியும் தண்ணீர்ப் புட்டியும் ஒரு வாடிய மாலையும் இருந்தன. கோயில் ஊழியர் ஒருவர் வந்து, எங்கிருந்து என்று சைகையில் கேட்டார். “இந்தியா, தமிழ்” என்றதும் தலையசைத்து, மூன்று ஊதுபத்தி எடுத்துப் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிட்டு, பெருக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே திரும்பிப் போனார். காசு வாங்கவில்லை, உண்டியலைக் காட்டினார்.

பூ வைக்க நினைப்பவர்கள் கவனிக்க: கோயில் வாசலில் எங்களுக்குப் பூக்கடை தட்டுப்படவில்லை. சந்தையில் காலை ஏழு மணிக்கே ‘புவாங் மாலை’ கிடைக்கும், மல்லிகையும் ஒரு ரோஜாவும் கோத்தது, 20 பாட். பேரம் வேண்டாம். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனால் பத்து மணி வரை வாடாது.